கணக்கு தப்பு என்று தெரிந்த பிறகும்... உதவித்தொகை ஆபீஸில் மனசாட்சி படும் பாடு!

அரசாங்க உதவித்தொகை ஆபீஸ் என்றால் நமக்கெல்லாம் கவுன்டரின் இந்தப் பக்கம்தான் தெரியும். வரிசை, டோக்கன், ஜெராக்ஸ், ‘சர்வர் டவுன்’, ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அலைந்து அலைந்து நொந்தவர்கள் நாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் தூக்கம் வராத ராத்திரிகள் உண்டு என்று சொன்னால், ‘அவங்களுக்கு என்னங்க, மாசமானா சம்பளம்!’ என்றுதான் பதில் வரும்.

எதிரில் நிற்பவர் ஏமாற்றவில்லை என்று ஊழியருக்கு நன்றாகவே தெரிகிறது. திரையில் இருக்கும் கணக்குதான் தப்பு என்றும் தெரிகிறது. ஆனால், திரை சொல்வதைச் செய்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?

2017-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள், உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு பெண்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவின் கொலீன் டெய்லர். இன்னொருவர் நெதர்லாந்தின் சாண்ட்ரா பால்மன். இருவரும் அரசாங்க ஊழியர்கள். பத்திரிகைக்குப் போகாமல், தெருவில் இறங்கிக் கொடி பிடிக்காமல், இருவரும் தங்கள் ஆபீஸுக்குள்ளேயே எழுதினார்கள். அந்த எழுத்துக்கு என்ன ஆனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

26-ஆல் வகுத்தால் வந்த கடன்

ஆஸ்திரேலியாவில் வேலை இல்லாதவர்கள், மாணவர்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் எனப் பலருக்கும் அரசு உதவித்தொகை தரும் அமைப்பின் பெயர் சென்டர்லிங்க். நம்மூரில் தாலுகா ஆபீஸ், வேலைவாய்ப்பு அலுவலகம் என்று தனித்தனியாக ஏறி இறங்கும் வேலைகள் பலவும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கும்.

வேலை தேடுபவர்களும் மாணவர்களும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வாரத்தில் வந்த வருமானத்தைச் சொல்லிவிட வேண்டும். வருமானத்துக்கு ஏற்ப உதவித்தொகை குறையும். யாராவது மறைத்தால் கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி இருந்தது. வரித்துறையிடம் உள்ள வருடாந்திர வருமானத்தோடு சென்டர்லிங்க் கணக்கை ஒப்பிடுவார்கள். இடித்தால், ஓர் ஊழியர் அந்த ஃபைலைக் கையில் எடுத்து, வேலை கொடுத்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு சம்பளம் என்று விசாரித்துப் பிறகுதான் முடிவுக்கு வருவார். மெதுவான வேலை. வருடத்துக்குச் சுமார் 20,000 ஃபைல்களைத்தான் இப்படிப் பார்க்க முடிந்தது.

2015-ல் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஊழியர் செய்யும் விசாரணையைக் கம்ப்யூட்டரிடம் விட்டால்? கஜானாவுக்குப் பெருந்தொகை திரும்ப வரும் என்று பட்ஜெட்டிலேயே கணக்குப் போட்டார்கள். 2016-ல் திட்டம் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. வருடத்துக்கு 20,000 என்றிருந்தது, வாரத்துக்கு 20,000 கடிதங்கள் என்றானது. ‘ரோபோடெட்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். அதாவது, ரோபோ சுமத்திய கடன்!

அந்த ரோபோ போட்ட கணக்கு இதுதான். வரித்துறை சொல்லும் ஆண்டு வருமானத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். வருடத்தில் 26 ‘இரண்டு வாரங்கள்’ இருக்கின்றன அல்லவா? வருவதுதான் ஒவ்வொரு இரண்டு வாரத்துக்குமான வருமானமாம்.

ஒரு பெண் வருடத்தின் முதல் பாதியில் வேலையே கிடைக்காமல் உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பாதியில் ஒரு கடையில் வேலை கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் சம்பளம். உதவித்தொகையை நிறுத்திக்கொள்கிறார். ஆறு மாதத்தில் 26,000 டாலர் சம்பாதிக்கிறார். எதையும் மறைக்கவில்லை. ரோபோ என்ன செய்யும்? 26,000-ஐ 26-ஆல் வகுக்கும். ‘நீங்கள் வருடம் முழுக்க இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறீர்கள். வேலை இல்லை என்று பொய் சொல்லி உதவித்தொகை வாங்கியிருக்கிறீர்கள். திருப்பிக் கட்டுங்கள்!’

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இது தப்பு என்று சொல்லிவிடும். ஆனால், அதை நிரூபிக்கும் பாரம் கடிதம் வாங்கியவர் தலையில் விழுந்தது. பல வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்றார்கள். மூடிப்போன ஹோட்டலில் பாத்திரம் கழுவியவர் சீட்டுக்கு எங்கே போவார்? வீடு மாறியவர்களுக்குக் கடிதமே போய்ச் சேரவில்லை. வசூல் ஏஜென்ட்களின் போன்தான் முதலில் வந்தது. சிலருக்கு வருமான வரி ரீஃபண்டையே பிடித்துக்கொண்டார்கள். இதற்கு மேல் 10 சதவிகிதம் அபராதக் கட்டணம் வேறு. 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில், கடனைக் கட்டாதவர்கள் சிறைக்குப் போக நேரிடலாம் என்று அமைச்சரே டி.வி-யில் எச்சரித்தார்.

அந்தப் பக்கத்து நாற்காலி

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவோம். நேற்றுவரை ‘இது உண்மையான கடன்தானா’ என்று சரிபார்ப்பதுதான் அந்த ஊழியர்களின் தொழில். பல வருடப் பழக்கத்தில் ஃபைலைத் திறந்ததுமே தப்பு எது என்று பளிச்செனத் தெரிந்துவிடும். உதாரணமாக, ஒரே நிறுவனத்தின் பெயர் வரித்துறையில் ஒரு மாதிரியும் சென்டர்லிங்கில் இன்னொரு மாதிரியும் பதிவாகியிருக்கும். ரோபோ அதை இரண்டு வேலை என்று எடுத்துக்கொண்டு சம்பளத்தை இரண்டு முறை கூட்டும். மனிதக் கண்ணுக்கு இது நொடியில் புரியும்.

புரிந்து என்ன செய்ய? வாடிக்கையாளர் தானாகச் சுட்டிக்காட்டினால் ஒழிய, கண்ணில் படும் தவற்றைத் திருத்த வேண்டாம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதாக, பெயர் சொல்லாத ஊழியர் ஒருவர் 2017 ஜனவரியில் ‘தி கார்டியன்’ இதழிடம் தெரிவித்தார். சட்டம் தெரிந்தவர், சண்டை போடத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார். பயந்த சுபாவம் உள்ளவர், எழுதப் படிக்கத் தடுமாறுபவர், உடம்புக்கு முடியாதவர் இல்லாத கடனைக் கட்டுவார். ஊழியருக்கு எது அதிகம் வலித்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இந்த இடத்தில் ‘அமைதியாகச் சரிசெய்துவிட வேண்டியதுதானே’ என்று தோன்றும். பல ஊர்களில் பல ஆபீஸ்களில் நல்ல மனம் படைத்தவர்கள் செய்வது அதுதான். விதியைக் கொஞ்சம் வளைத்து, எதிரில் இருப்பவருக்கு வழி காட்டி, புண்ணியம் தேடிக்கொள்வார்கள். அதில் இரண்டு சிக்கல். தன் கவுன்டருக்கு வந்தவர் மட்டும் தப்பிப்பார். பக்கத்து கவுன்டருக்குப் போனவர் மாட்டிக்கொள்வார். இது ஒருவகை லாட்டரிதானே? இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். கீழே இருப்பவர்கள் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தால், ‘திட்டம் நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று மேலே இருப்பவர்கள் நம்பிவிடுவார்கள். இரக்கமே தவற்றுக்குத் திரைச்சீலை ஆகிவிடும்.

பெர்னார்டோ ஸாக்கா என்ற அரசியல் ஆய்வாளர், அமெரிக்காவில் ஏழைகளுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில் எட்டு மாதங்கள் வரவேற்பாளராக உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். அதுவும் 2017-ல்தான் வந்தது. கவுன்டர் ஊழியர்கள் நாளடைவில் மூன்றில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள் என்கிறார் அவர். ஒட்டாமல் மெஷின் மாதிரி ஃபாரத்தைத் தள்ளுபவர்கள் ஒரு ரகம். வருபவர்கள் எல்லாரையும் ‘இவர் ஏமாற்றுக்காரரோ’ என்று பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். ஒவ்வொருவர் கஷ்டத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, கடைசியில் தாங்களே நொறுங்கிப்போகிறவர்கள் மூன்றாவது ரகம். இது பிறவிக் குணமல்ல; ஆள் பற்றாக்குறை, முரண்பட்ட உத்தரவுகள், நீளும் வரிசை எல்லாம் சேர்ந்து மனிதர்களை அப்படி ஆக்குகின்றன என்பது அவர் கண்டது. அடுத்த முறை கவுன்டரில் யாராவது முகத்தைப் பார்க்காமலே பேசினால், அவர் எந்த ரகம் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்!

கொலீன் டெய்லர் இந்த மூன்றிலும் சேரவில்லை. கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். திட்டத்தில் எங்கெங்கே ஓட்டை, எப்படித் தப்பான கடன் உருவாகிறது, ஊழியர்கள் முன்பு செய்த எந்தெந்தப் பரிசோதனை இப்போது விட்டுப்போகிறது என்பதையெல்லாம் விவரமாக எழுதினார். 2017-ன் தொடக்கத்தில் துறையின் உச்சியில் இருந்த செயலருக்கே மின்னஞ்சல் அனுப்பினார். நடுவில் எத்தனையோ அதிகாரிகளைத் தாண்டி ஒரு சாதாரண ஊழியர் செயலருக்கு எழுதுவது எந்த ஊர் ஆபீஸிலும் சின்ன விஷயமல்ல. மேலதிகாரிகள் அவரிடம் பேசினார்கள். ஆனால், திட்டம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அவர் ஒருவர்தான் சொன்னார் என்றும் இல்லை. திட்டம் தொடங்குவதற்கு முன்பே, 2014-ல், இப்படிச் சராசரி போட்டுக் கடன் சுமத்துவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று அரசின் சொந்த வழக்கறிஞர்களே குறிப்பு எழுதியிருந்தார்கள். ஊழியர் சங்கம் எச்சரித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் சுமார் 40 வருடம் பணியாற்றிய சட்டப் பேராசிரியர் டெர்ரி கார்னி, 2017 மார்ச் மாதத்தில் தொடங்கி ஐந்து வழக்குகளில் ‘இது செல்லாது’ என்று தீர்ப்பு சொன்னார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும் அல்லவா? தீர்ப்புகள் வெளியே வராமலே போயின. அதே வருடம் கார்னியின் பதவிக்காலம் முடிந்தபோது, அது நீட்டிக்கப்படவில்லை.

2019 நவம்பரில், டியானா அமாட்டோ என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில்தான் அரசு நீதிமன்றத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதற்குள் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மீது, 170 கோடி டாலருக்கும் மேலான கடன் சட்டவிரோதமாகச் சுமத்தப்பட்டிருந்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் விசாரித்தபோது, கடன் கடிதம் வந்த பிறகு உயிரை மாய்த்துக்கொண்ட மகன்களைப் பற்றித் தாய்மார்கள் சாட்சி சொன்னார்கள். கொலீன் டெய்லரும் சாட்சி சொன்னார். 2023 ஜூலையில் வந்த 990 பக்க அறிக்கை, திட்டத்தை நியாயமும் அற்றது, சட்டமும் அற்றது என்று தூக்கி எறிந்தது. 2024-ல் 12 அதிகாரிகள் மொத்தம் 97 முறை நடத்தை விதிகளை மீறியதாக முடிவானது. டெய்லர் மின்னஞ்சல் அனுப்பிய அந்தச் செயலரும் அதில் அடக்கம்.

ரசீது இல்லையா? மொத்தமும் திருப்பிக் கொடு!

நெதர்லாந்தில் நடந்தது வேறு மாதிரி. அங்கே சிக்கல் கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. சட்டத்தை வாசித்த விதத்திலும் இருந்தது. அதனால் ஊழியரின் தர்மசங்கடமும் இன்னும் சிக்கலானது.

அங்கே தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால், பிள்ளையைக் காப்பகத்தில் விடும் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கும். மீதியைப் பெற்றோர் கட்ட வேண்டும். 2013-ல், வெளிநாட்டுக் கும்பல் ஒன்று அரசு உதவித்தொகைகளில் மோசடி செய்தது அம்பலமாகி, பெரிய அமளி ஆனது. ‘ஒருவரையும் விடாதே’ என்று அரசியல்வாதிகள் கொதித்தார்கள். உதவித்தொகையை நிர்வகித்த வரித்துறை சாட்டையைக் கையில் எடுத்தது.

பெற்றோர் தங்கள் பங்கில் கொஞ்சம் கட்டியதற்கு ரசீது இல்லையா? ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனதா? அந்தச் சிறு தொகையை மட்டும் கழிக்கவில்லை. வருடம் முழுக்கக் கொடுத்த உதவித்தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். பல குடும்பங்களுக்கு அது பல்லாயிரம் யூரோ. வேண்டுமென்றே தவறு செய்தவர் என்று முத்திரை குத்தப்பட்டால், தவணை முறையில் கட்டும் சலுகைகூடக் கிடையாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பதும் பின்னால் நிரூபணமானது. வீடு போனது, வேலை போனது, தாம்பத்தியம் முறிந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளரும்படி ஆனது.

ஊழியர்கள் இதைச் செய்ய எப்படி மனம் வந்தது? ‘சட்டம் அப்படித்தான் சொல்கிறது’ என்பது அவர்கள் தரப்பு. அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சட்டத்தில், ‘விதியை அப்படியே பின்பற்றினால் அநியாயமாகிவிடும் என்றால் விலக்கு தரலாம்’ என்ற பிரிவே இல்லை. அது 2020-ல்தான் சேர்க்கப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த நிர்வாக நீதிமன்றமும் 2019 அக்டோபர் வரை வரித்துறையின் கடுமையை ஆமோதித்தது. நீதிபதிகளே சரி என்று சொல்லும்போது, கவுன்டரில் இருப்பவர் ‘எனக்கு இது தப்பாகப் படுகிறது’ என்று எழுந்து நிற்க வேண்டுமா? அப்படி ஒவ்வோர் ஊழியரும் தன் மனசுப்படி முடிவெடுத்தால், நாளைக்கு ஒருவர் தன் சாதிக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் மட்டும் ‘மனசாட்சிப்படி’ சலுகை காட்ட மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? விதி என்று ஒன்று வந்ததே அதைத் தடுக்கத்தானே!

சாண்ட்ரா பால்மன் அந்தத் துறையிலேயே சட்ட ஆலோசகர். ஐந்தோவன் நகரத்துக் காப்பக ஏஜென்சி ஒன்றோடு தொடர்புடைய சுமார் 300 குடும்பங்களுக்கு, தனித்தனியாக விசாரிக்காமல் மொத்தமாக உதவித்தொகையை நிறுத்திய ஃபைலை அவர் பார்த்தார். விதியை வளைக்கவில்லை அவர், விதிப்படியே பார்த்தார். அப்படிப் பார்த்ததில்தான் துறை செய்தது தப்பு என்று தெரிந்தது. 2017 மார்ச் 13 தேதியிட்ட குறிப்பில், துறை கண்டிக்கத்தக்க விதத்தில் நடந்திருக்கிறது, இந்தப் பெற்றோருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

குறிப்பு ஓரமாக வைக்கப்பட்டது. அந்த விவகாரத்திலிருந்து அவரும் ஓரங்கட்டப்பட்டார். ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டில், நாட்டின் குறைதீர்ப்பாளரும் அதே குடும்பங்களின் விஷயத்தில் துறையைக் கடுமையாகச் சாடி, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். அப்போதும் துறை அசையவில்லை. பால்மனின் குறிப்பு 2020 அக்டோபரில்தான் நாடாளுமன்றத்தின் கண்ணில் பட்டது. மூன்றரை வருடம்! அந்த இடைவெளியில் எத்தனை வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்பட்டதோ?

2020 டிசம்பரில் வந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் அறிக்கை, நடந்தது முன்னெப்போதும் இல்லாத அநீதி என்றது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல்கட்டமாக 30,000 யூரோ என்று அறிவித்தார்கள்.

இரண்டு நாட்டிலும் ஒன்றைக் கவனிக்கலாம். நேர்மையான ஊழியர்களுக்குப் பஞ்சமே இல்லை. கவுன்டரில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது, வழக்கறிஞர் எழுதியிருந்தார், தீர்ப்பாயத்தில் இருந்தவர் சொல்லியிருந்தார். அந்தக் காகிதங்கள் மேலே போகும் வழியில் ஒவ்வொரு மேஜையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் குறைந்தன. ‘கடுமையான சட்ட மீறல்’ என்று கீழே எழுதியது, உச்சிக்குப் போகும்போது ‘சில சவால்கள் உள்ளன’ என்றாகிவிடும். எந்த ஆபீஸில் வேலை பார்த்தவருக்கும் இந்த ரசவாதம் தெரியும். வசூல் இலக்கு பட்ஜெட்டில் ஏறிவிட்ட பிறகு, ‘கணக்கு தப்பு’ என்ற வார்த்தையைக் கேட்க யாருக்கும் காது இருக்காது.

நெதர்லாந்துக் கதையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. பாதிக்கப்பட்ட பெற்றோருக்கு நிவாரணம் வழங்கும் பொறுப்புக்கென்றே அங்கே ஓர் இணை அமைச்சர் இருக்கிறார். 2024 டிசம்பரில் அந்த நாற்காலிக்கு நியமிக்கப்பட்டவர், சாட்சாத் சாண்ட்ரா பால்மன்!

வந்து உட்கார்ந்ததும் அவர் எதிரில் இருந்தது ஒரு நீண்ட வரிசை. சுமார் 70,000 பெற்றோர் நிவாரணம் கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள். 40,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டிருந்தனர். 30,000 யூரோவுக்கு மேல் நஷ்டப்பட்டவர்களின் கணக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்க வேண்டும். தீர விசாரித்துக் கொடுத்தால் வருடக்கணக்கில் இழுக்கும். விசாரிக்காமல் வேகமாகக் கொடுத்தால், நிஜமாகவே வாழ்க்கையைத் தொலைத்தவருக்கும் லேசாகச் சிராய்ப்பு ஏற்பட்டவருக்கும் ஒரே தொகை போகும். இழப்பை எடைபோட உட்காரும் ஊழியருக்கோ மறுபடியும் ஆதாரம் தேவைப்படுகிறது. ரசீது இல்லாததால் எல்லாம் இழந்த ஒரு தாயிடம், அவர் இழந்ததற்கு என்ன ரசீது இருக்கிறது என்று அவர் எப்படிக் கேட்பார்?